இலை கொட்டுகிற மரம்

மேற்கணக்கு லயம்,
எல்ல.
27.10.2024

அன்புத் தம்பி நிஷாந்துக்கு,

உன் அக்கா கலாராணி எழுதுவது. அம்மாவும் உன் மச்சானும் நானும் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீயும் உன் மனைவியும் குழந்தையும் கவனமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறந்தால், "அக்கா, பக்கத்துல ஆள் இருக்கு, பொறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்தில் யார் இருந்தாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். உன் வீட்டு விலாசத்துக்குத்தான் போடுகிறேன், பயப்படாதே. கவரில் என் பெயருக்குக் கீழே 'ஹோம்ஸ்டே பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறேன். யார் எடுத்துப் பார்த்தாலும் வேலைக்காரி ஏதோ எழுதியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

நீ கேட்டது மரத்தைப் பற்றி. செண்பகமா, ஜக்கரண்டாவா, எது நல்லது என்று விசாரித்துச் சொல்லச் சொன்னாய். விசாரித்துவிட்டேன். ஆனால் முதலில் நட்ட மரங்களுக்கு என்ன ஆனது என்று நீ இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே கத்திவிட்டு வைத்துவிட்டாய். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஆனி மாதம் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேட்டில் நீ கட்டி, நான் பார்த்துக்கொள்கிற ஹோம்ஸ்டே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மலை அழகு, தேயிலை அழகு, ரயில் போவது அழகு. குனிந்து பார்த்தால் மட்டும் நேர் கீழே எங்கள் லயத்து வீட்டு வரிசை தெரிகிறது. தகரக் கூரை, துணிக் கொடி, பைப்படியில் வாளி வரிசை. வருகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை, கீழ் வேலி ஓரமாக மூன்று மரம் நட்டு மறைத்துவிடு என்றாய். சீக்கிரம் வளர வேண்டும், பூக்க வேண்டும், இலை கொட்டவே கூடாது. செண்பகம் பொருத்தம் என்று நீயே எங்கேயோ படித்தும் வைத்திருந்தாய்.

மறைக்க வேண்டியது நீ பிறந்த லயத்துக் காம்பிராவை, நடப்போவது நான். பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். அங்கே பூமரக் கன்று விற்கிற ஸஹாப்தீன் நானாவை உனக்குத் தெரியாது. நீ வெளிநாடு போன பிறகு கடை போட்டவர். நல்ல மனிதர். "பூவுக்கா தங்கச்சி, நெழலுக்கா, வாசத்துக்கா?" என்று கேட்டார். மறைக்கிறதுக்கு என்றேன். "கக்கூஸ் குழியையா?" என்றார். ஆமாம் நானா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

இப்போது கச்சான் காற்று நேரம், இந்தக் காற்றில் செண்பகம் நட வேண்டாம், ஐப்பசி மழை விழட்டும் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். காத்திருக்க முடியாது என்றாய். என் உயரத்துக்கு மேல் வளர்ந்த மூன்று கன்றுகளை லொறியில் ஏற்றி வந்து ஆடியில் நட்டோம். காற்று உனக்குப் பயப்படவில்லை. பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகி, நுனி தொங்கிவிட்டது. காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். மரம் நிமிரவில்லை.

அப்போதுதான் உன் மச்சான் புவனேந்திரன் ஒரு வேலை செய்தார். அவர் நம் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வாடின செடியைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. தேயிலை களைத்துப் போனால் என்ன செய்கிறோம்? முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம், திரும்ப நூறு கொழுந்து விடுகிறது. அதே கணக்கை இங்கேயும் போட்டார். நான் மேலே ரூம் கழுவிக்கொண்டிருந்தபோது, கவ்வாத்துக் கத்தியை எடுத்து, மூன்றையும் முழங்காலுக்குச் சரிவாக, அழகாக, ஒரே வெட்டு. வேலையை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, ஒரு மாசத்துல எப்புடிக் கெளம்புதுன்னு" என்று அத்தனை சந்தோஷம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மரம் காய்ந்து போனது. ஒன்று மட்டும் இப்போது ஐந்தாறு கிளையோடு பந்து மாதிரித் தரையோடு நிற்கிறது.

சிரிக்க வேண்டிய விஷயம் இது தம்பி. லயமே சிரித்தது. மச்சானும் கடைசியில் சிரித்துவிட்டார். நீயும் அவரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டவர்கள்தானே, நீயும் சிரிப்பாய் என்று நினைத்து அவரே உனக்குப் போன் போட்டார். நீ அவரிடம், தோட்டக்காட்டுப் புத்தி என்றாய்.

அந்த வார்த்தையைப் பதுளை பஸ்ஸில் யாரோ சொன்னான் என்று பள்ளிக்கூட நாளில் நீ அழுதுகொண்டு வந்து சோறு தின்னாமல் படுத்தது எனக்குத் தெரியும். அவர் போனை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசுவதில்லை. உன் மரத்துக்கு மட்டும் இன்னமும் குழி வெட்டித் தருகிறார்.

சரி, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

செண்பகம் நிமிர்ந்து வளர்கிற மரம். இலை பெரிது, அடர்த்தி, வருஷம் முழுக்கப் பச்சை. ஒட்டுக் கன்று என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் பூ வைக்கும். மணம் லயம் வரைக்கும் வரும், அதைத் தடுக்க வேலி இல்லை. ஆனால் வேர் சதை வேர். எடுத்து நடும்போது மண் கட்டி உடைந்து வேர் அறுந்ததோ, மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அடியில் ஈரம் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. நம் சரிவில் தேங்காது, காய்வதுதான் கவலை. மட்கின சாணியும் இலைக்குப்பையும் போட்டு, தண்டை ஒட்டாமல் சுற்றி மூடாக்குப் போட வேண்டும். முதல் இரண்டு வருஷமும் வெயில் காலத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். சுமப்பது யார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜக்கரண்டா வேறு மாதிரி. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், அது இங்கே தாராளம். வேர் பிடித்துவிட்டால் வறட்சிக்கு அசராது. அதிகம் உரம் போட்டுக் கொஞ்சினால் இலையாகத் தழைத்துவிட்டுப் பூவை மறந்துவிடும். கொம்பு முறிகிற ஜாதி, ஆகவே முதல் வருஷம் இரண்டு பக்கமும் கம்பு நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். நுனியை வெட்டவே கூடாது. வெட்டினால் குச்சி குச்சியாக மேலே ஓடும், குடை மாதிரி விரியாது. இதை ஸஹாப்தீன் நானா உன் மச்சானைப் பார்த்தே சொன்னார். விதைக் கன்று என்றால் பூக்க ஏழெட்டு வருஷம் போகும். பொடி இலை கூரைத் தண்ணீர்ப் பீலியை அடைக்கும், உதிர்ந்த பூ சீமெந்துத் தரையில் வழுக்கும். வீட்டை விட்டுத் தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பெரிய குறை ஒன்றுதான். தை மாதம் இலை மஞ்சளாகும், மாசியில் மொட்டையாக நிற்கும். பெரிய மரமானால் அந்த மொட்டைக் கொம்பில்தான் ஊதாப் பூ வரும்.

ஆகவே லயத்தை மறைக்க வேண்டும் என்றால் செண்பகம்தான். நானாவும் அதையேதான் சொன்னார். காற்றும் ஓய்ந்துவிட்டது, மழையும் விழுந்துவிட்டது, இந்தத் தடவை நட்டால் பிடித்துக்கொள்ளும் என்றார். உனக்குத் தேவையான பதில் இவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க மனமில்லாவிட்டால் இங்கேயே மடித்துவிடு.

நான் ஜக்கரண்டா நட்டுவிட்டேன். மூன்றும் ஜக்கரண்டா.

காரணம் சொல்கிறேன். அதற்கு முன்பு, வருகிறவர்களுக்கு லயம் பிடிக்கவில்லை என்று இனி என்னிடம் சொல்லாதே. அவர்களுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறவள் நான். வைகாசியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து தங்கியிருந்தார். வராந்தாவில் நின்றவரைப் பார்த்து நம் அம்மா கீழே இருந்து கை காட்டியிருக்கிறாள். மேலே யார் நின்றாலும் அம்மா கை காட்டுவாள், நீயோ என்று நினைப்பு. அந்த அம்மாவும் கை காட்டினார். பிறகு என்னோடு இறங்கி வந்து, நம் வாசல் இஸ்தோப்பில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பிளேன்டீ குடித்தார். இவர் யார் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், வீட்டுக்காரருடைய அம்மா என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நீ அதுவரை எனக்குச் சொல்லித் தரவில்லையே.

அவர் அதை நெட்டில் எழுதிவிட்டார். வீடு நல்லது, சாப்பாடு நல்லது, எல்லாவற்றையும்விடக் கீழே தேயிலைத் தொழிலாளர் லயத்தில் இருக்கிற வீட்டுக்காரரின் தாயைப் பார்த்ததுதான் பெரிய சந்தோஷம் என்று. அடுத்து வந்த ஜோடி போனை நீட்டி, நாங்களும் அந்தத் தாயைப் பார்க்கலாமா என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அதே வாரம்தான் நீ மரம் நடச் சொன்னாய்.

உன் கல்யாணக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன். காலஞ்சென்ற தம்பையா, தோட்ட அதிகாரி என்று அடித்திருந்தாய். அப்பா சாகிற வரைக்கும் மலையில் தண்ணீர்க் கான் வெட்டினவர். கானில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தே மண் சரியுமா சரியாதா என்று சொல்வார், ஆனால் அதிகாரி இல்லை. கார்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினபோது அந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன். உன் மாமனார் மாமியார் எப்படிப்பட்டவர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை நல்லவர்களாக இருக்கலாம். உண்மையைச் சொல்லிப் பார்த்தால்தானே தெரியும். நீ அதற்கு இடம் கொடுக்கவே இல்லை.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின நாளும் அப்படித்தான். அம்மாவுக்குக் கால் விழுந்து அப்போது சில மாதம். லயத்துப் பையன்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிற மாதிரி நாற்காலியில் கம்பு கட்டி வைத்துக்கொண்டு, எப்போது தூக்கலாம் என்று நின்றார்கள். நீ மேலேயிருந்து எனக்குப் போன் போட்டு, வேண்டாம், அம்மாவுக்குச் சிரமம், கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றாய். அம்மா கத்தரிப்பூக் கலர் சேலை உடுத்தி, தலை சீவி, தயாராக இருந்தாள். பொழுது போகும் வரைக்கும் அந்தச் சேலையை மாற்றவில்லை. இன்றைக்கு வரைக்கும் உன் வீட்டுத் தரையை அவள் மிதிக்கவில்லை. வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகிற பாதைக்குக் கொங்கிரீட் போட்டாய். லயத்துக்கு இறங்குகிற பாதை இன்னும் மண்தான், மழைக்குக் காலில் அட்டை ஏறுகிறது.

இங்கே அவளுக்கு இருக்கிற ஒரே வேலை உன் வீட்டைப் பார்ப்பதுதான். விடிந்ததும் இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், முகம் மேலே திரும்பியிருக்க வேண்டும். மேல் ரூமில் லைட் எரிந்தால், "ஆளு வந்திருக்கு" என்பாள். கொடியில் வெள்ளை பெட்ஷீட் ஆடினால், "போயிட்டாங்க" என்பாள். பைப்படிக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, அது எம் மகன் வீடு என்று காட்டுவாள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மரம் நட்டால் மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் லயம் மறையும் என்று நினைத்துவிட்டாய். இங்கிருந்து பார்த்தால் உன் வீடும் மறையும். அது உன் புத்திக்கு எட்டவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். எட்டியும் சொல்லியிருந்தால் உன்னை என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டு வாரத்துக்கு முன்பு நீ போட்ட வாய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன். மாசியில் மாமாவும் மாமியும் உங்களோடு வருகிறார்கள், ஹோம்ஸ்டேயில் தங்குகிறார்கள், அந்த நாட்களில் அம்மாவைப் பதுளையில் சித்தி வீட்டில் வைத்திரு, ஆஸ்பத்திரி கிளினிக்கும் கிட்ட என்றாய். இத்தனை மாதமாகக் கிளினிக்குக்கு அவளை எப்படிக் கொண்டுபோகிறோம் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். என் போனின் சத்தத்தைக் குறைக்க முடியாது, பட்டன் உடைந்துவிட்டது. எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னாள். எதற்கு என்றேன். "அவன் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு, போடு டீ" என்றாள். போட்டேன். இரண்டாம் தடவையும் நீ அதையேதான் சொன்னாய்.

அன்று பின்னேரம் நானும் மச்சானும் நானா சொன்னதை வைத்து, செண்பகமா ஜக்கரண்டாவா என்று பேசிக்கொண்டிருந்தோம். இலை கொட்டாத மரம்தானே கேட்கிறான், செண்பகத்தையே வாங்கி நட்டுத் தொலைப்போம் என்று நான் எரிச்சலில் சொன்னேன். அம்மா நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். பிறகு சொன்னாள்: "எல கொட்டுற மரமா வையி டீ. மறைக்கணும்னா மறச்சிட்டுப் போறான், அவன் பொழப்பு அவனுக்கு. வருசத்துல ஒரு மாசமாச்சும் வூடு தெரியட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். உன் மேல் ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மறுநாளே மச்சான் குழி வெட்டினார், அகலமாக, ஆழமாக, கல்லெல்லாம் பொறுக்கி. நான் மட்கின சாணி போட்டேன். நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய், அம்மாவைப் பாதை முனையில் உட்கார வைத்தோம். அங்கிருந்து அவள் சொல்லச் சொல்லத்தான் கன்றுகளை நிறுத்தினோம். கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கையால் காட்டினாள். முட்டுக் கம்பு நட்டுக் கட்டியாயிற்று. மழை நன்றாகப் பெய்கிறது. மூன்றும் பிடித்துக்கொண்டன, துளிர் தெரிகிறது. மச்சான் தினமும் போய்ப் பார்க்கிறார். கவ்வாத்துக் கத்தியை அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். தேயிலையும் விட்டால் உயரமாகப் போகிற மரம்தான், நம் ஆட்கள்தான் அதை இடுப்புக்கு மேல் விட்டதில்லை. உன் மரத்தை விட்டுவிடுகிறோம். அது வளரட்டும்.

அம்மாவைப் பதுளைக்கு அனுப்ப மாட்டேன். இதை நீ எத்தனை தடவை கேட்டாலும், கத்தினாலும், ஹோம்ஸ்டே வேலைக்கு வேறு ஆள் வைத்தாலும் பதில் இதுதான்.

நீங்கள் வரும்போது மாசி. வேலியோரம் மூன்று மரமும் இலை இல்லாமல் நிற்கும். காலையில் உன் மாமியார் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வராந்தாவில் வந்து நிற்பார், குழந்தை பக்கத்தில் நிற்கும். கீழே இஸ்தோப்பில் கத்தரிப்பூக் கலர் சேலையில் ஒரு கிழவி நாற்காலியில் இருப்பாள். அவள் கை காட்டுவாள். நான் வேண்டாம் என்றாலும் காட்டுவாள், யார் என்று பாராமல் காட்டுகிறவள் அவள். குழந்தையும் திருப்பிக் காட்டும், குழந்தைகளுக்கு வேறு எதுவும் தெரியாது. அப்போது உன் மாமியார் உன் பக்கம் திரும்பி, அந்த அம்மா யார் என்று கேட்பார். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வை. நான் சமையல் அறையில்தான் இருப்பேன், எனக்கும் கேட்கும்.

பாதையில் அட்டைக்கு உப்புத் தூவி வைக்கச் சொல்கிறேன். இறங்கி வருவதற்கு அதிக நேரம் எடுக்காது, நீ சின்ன வயதில் ஓடி ஏறின மேடுதான். அம்மாவுக்கு இன்னொரு மாசி இருக்குமோ தெரியாது, மரத்துக்கு இருக்கும்.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் உன் வீட்டைப் பார்த்துத்தான் கும்பிடுகிறாள். அந்தக் கும்பிடு உனக்குப் பலிக்கட்டும்.

இப்படிக்கு,
கலாராணி

உன் அக்கா என்று எழுத வந்தேன். அவர்கள் முன்னால் உன்னைத் தம்பி என்று கூப்பிடுவதா, வேலைக்காரியாக நின்று 'சேர்' என்று கூப்பிடுவதா என்று நீ இன்னும் சொல்லவில்லை.